பஞ்சாங்கம் தள்ளிப்போட்ட தேதி

அலுவலகத்தில் அவனைப் பஞ்சாங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் கேலியோடு கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. பஞ்சாங்கம் நாள் குறிக்காமல் அந்த நிறுவனத்தின் கணினிகளில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறாது.

குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் மெஷினும் செய்து விற்கிற நிறுவனம் அது. விற்பனை, கிடங்கு, கணக்கு, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய மென்பொருள். வெளியே விலைக்கு வாங்கியதுதான். ஆனால் கடையில் எடுத்த சட்டையைப் பிரித்துத் தன் உடம்புக்குத் தைத்துக்கொண்ட மாதிரி, தங்கள் வசதிக்கு அங்கங்கே வெட்டி மாற்றியிருந்தார்கள். வெட்டிய இடங்களில் அடிக்கடி நூல் விடும். உள்ளே இருக்கும் புரோகிராமர்கள் அதற்கு ஒட்டுப் போடுவார்கள். பேட்ச் என்பார்கள். எந்தப் பேட்சை என்றைக்கு ஏற்றுவது, எது முன்னே எது பின்னே, ஏற்றியது சொதப்பினால் எப்படிப் பழைய நிலைக்குத் திருப்புவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது பஞ்சாங்கத்தின் வேலை. மாதக் கடைசியில் கணக்கை முடிப்பார்கள், அப்போது கை வைக்கக் கூடாது. கோடை பிறந்தால் புகார்கள் குவியும், அப்போதும் கூடாது. மிச்சமிருக்கும் இண்டு இடுக்குகளில்தான் அவன் நாள் தேடுவான்.

செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம். பெரிய பெரிய மேலாளர்கள் எல்லாம் அவன் திரையில் விரித்துக் காட்டும் நாட்காட்டியைப் பார்த்துக் கையைப் பிசைவார்கள். "பஞ்சாங்கம், கொஞ்சம் மனசு வைங்க, இந்த வாரமே போட்டுடலாம்" என்று கெஞ்சுவார்கள். அவன் உதட்டைப் பிதுக்கி, "பாக்கலாம் சார்" என்பான். அந்த 'பாக்கலாம்' என்ற சொல் அவன் நாக்கில் வெல்லக்கட்டி மாதிரி கரையும். என்னைத் தாண்டி இங்கே எதுவும் அசையாது என்ற நினைப்பு வருடா வருடம் அவனுக்குள் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது.

அதே கட்டிடத்தின் முதல் மாடியில் புகார்க் கூடம். அவன் மனைவி அங்கேதான் வேலை பார்த்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டி குளிரவில்லை, மெஷின் ஆடுகிறது, கதவு மூடவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் பேசி, எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று பிரித்துவிடும் வேலை. பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் பெண்கள். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். மதியம் கேன்டீன் மூலையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் பேச என்னதான் இருக்கு இவங்களுக்கு?" என்று கூடத்தில் இருந்தவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர்களில் மூத்தவளை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். அவள்தான் இந்தக் கேலிக்குத் தலைவி.

ஒருநாள் தொழில்நுட்பத் துறையின் தலைவர் அவனை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடி போட்ட புரோகிராமர் பெண் ஒருத்தி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"இது வெளிய போகக் கூடாது பஞ்சாங்கம். வீட்லகூட" என்றார் தலைவர். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு பேட்ச். இனிமேல் புகார்களை மென்பொருளே வாங்கும், அதுவே பிரிக்கும், அதுவே மெக்கானிக்கை அனுப்பும். கூடம் வேண்டியதில்லை.

அவன் முகம் எப்படிப் போயிற்றோ, தலைவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒரு நல்ல நாளாப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

நாற்காலிக்குத் திரும்பியவனுக்கு முதலில் மனைவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வேறொன்று தலைதூக்கியது. நாள் குறிக்கப்போவது யார்? நான்தானே. குறிக்காவிட்டால்?

அடுத்த செவ்வாய்க்கிழமை, கணினியின் சேமிப்பு வட்டில் இடம் போதாது என்று சொன்னான். இடம் இருந்தது. ஆனால் அவன் சொன்னால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்? தலைவர் தலையாட்டினார். பேட்ச் தள்ளிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருந்தார். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, எங்க ஆஸ்பத்திரில பதிவு கவுன்டருக்கு ஒரு ஆள் எடுக்கறாங்க. தங்கச்சிக்குக் கேட்டு வச்சிருக்கேன். நிரந்தர வேலை. ஜனங்ககிட்டப் பேசிப் பழகினவதானே, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவாங்க. சீக்கிரம் சொல்லணும், அவ்வளவுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

சொல்லியிருக்கலாம். விவரம் எதையும் உடைக்காமல், 'போ' என்று ஒரே ஒரு சொல். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவன் கண்முன் வந்தது கேன்டீன் மூலையும், எதிரே காலியாகக் கிடக்கும் நாற்காலியும்தான். அதோடு அந்த நினைப்பும் சேர்ந்துகொண்டது: நான் இருக்கும்வரை அந்தப் பேட்ச் எப்படி ஏறும்?

"எதுக்கும்மா? இத்தனை வருஷம் இருந்த இடம். அங்க போய்ப் புதுசா ஆரம்பிக்கணும். அந்த ஆஸ்பத்திரியும் ஆபீசுக்கு எதிர்ப்பக்கம். போகாதே."

"இங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு? கம்ப்யூட்டர் வருது, ஆள் குறைப்பாங்கன்னு கூடத்துல ஒரு பேச்சு ஓடுதுங்க."

"எனக்குத் தெரியாம எது வரும்?" என்று சிரித்தான்.

அண்ணன் அரைமனதோடுதான் எழுந்தார். "யோசிங்க மாப்ளே. வலிய வர்றதைக் காலால தள்ளாதீங்க" என்று வாசலில் நின்றும் ஒருமுறை சொன்னார். வழியனுப்பப் போன அவள் அண்ணனிடம், "அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பேசாம விடுங்க" என்று புருஷன் பக்கம் பேசினாள். அந்தப் பேச்சை அவன் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து நினைத்துப் புழுங்கினான்.

இரண்டாம் முறை, மாதக் கணக்கு நெருங்குகிறது என்று தள்ளினான். மூன்றாம் முறை, திருப்பும் ஏற்பாட்டை ஒத்திகை பார்க்கவில்லை என்றான். ஒவ்வொரு முறையும் தலைவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒவ்வொரு முறையும் பஞ்சாங்கம் படியிறங்கி முதல் மாடி வழியாகப் போவான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மனைவி யாரிடமோ, "கதவைத் திறந்து வச்சிருந்தா எப்படிங்க குளிரும்?" என்று சிரித்துக்கொண்டே பேசுவதைப் பார்ப்பான். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறவனைப் போல மார்பு விம்மும். அவளுக்குத் தெரியாமலே அவளைக் காக்கிறேன் என்பதில் அவனுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

மருத்துவமனை வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அண்ணன் போனில் சொன்னார். "போனா போகுது" என்றாள் அவள்.

அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தலைவர் கூப்பிட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேட்ச் ஏறுது. நாட்காட்டில போட்டுடுங்க."

"சார், அந்த வாரம் வந்து..." என்று அவன் நாட்காட்டியைத் திறந்தான்.

"மூடுங்க பஞ்சாங்கம்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "உங்க வீட்டம்மா கூடத்துலதானே இருக்காங்க? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவன் நாட்காட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"வட்டுல இடம் இல்லைன்னீங்க. இருந்துச்சு. கணக்கு முடிக்கறாங்கன்னீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் ஏன் பேசாம இருந்தேன்? மேலிடத்துல அனுமதி வரலை. கோடைப் புகாரெல்லாம் ஓயட்டும், அதுவரைக்கும் ஆள் வேணும்னு சொல்லிட்டாங்க. நான் தள்ளினா ஏன்னு நாலு பேர் கேப்பாங்க. நீங்க தள்ளினா யார் கேப்பா? எனக்கும் வசதியாப் போச்சு." தண்ணீர் குடித்தார். "தான் கூவித்தான் பொழுது விடியுதுன்னு கோழி நினைச்சுக்குமாம். தப்பா எடுத்துக்காதீங்க."

பஞ்சாங்கம் அங்கேயே, அவர் எதிரிலேயே, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தைத் தன் கையால் நிரப்பினான். நிரப்பமாட்டேன் என்று சொல்லியிருந்தால் பக்கத்து நாற்காலிக்காரன் நிரப்பியிருப்பான். அது அவனுக்குத் தெரியும். அது ஒரு சமாதானமா என்று கேட்டால், இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். "லீவு நாள்லயும் உயிரை எடுக்கறாங்க. இன்னிக்கு என்ன பேட்ச்?" என்று கேட்டாள்.

"வழக்கமானதுதான்."

அவன் பார்த்துக்கொண்டிருக்க, பேட்ச் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. கண்ணாடிக்காரப் பெண் ஒவ்வொரு படியாகச் சரிபார்த்துச் சொல்ல, அவன் 'முடிந்தது' என்று குறித்துக்கொண்டே வந்தான். கேரியரைத் திறக்கவில்லை. திரும்பும் வழியில் தெருநாய்களுக்குக் கொட்டிவிட்டான்.

திங்கள் காலையும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தார்கள். சிக்னலில் நின்றபோது சொல்லிவிடலாம் என்று தலையைத் திருப்பினான். அவள் பின்னால் உட்கார்ந்து, கியாஸ் தீர்ந்துபோயிற்று, புதுசு சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சையானது.

தன் மாடிக்குப் போக மனமில்லாமல் அவன் முதல் மாடியிலேயே தண்ணீர்க் குழாயருகே நின்றான். கூடத்தில் பதினைந்து பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு போனும் அடிக்கவில்லை. "என்னடி இது, ஊர்ல எல்லார் வீட்டுப் பெட்டியும் ஒரே நாள்ல திருந்திடுச்சா?" என்று பெரியக்கா கேட்க, கொல்லென்று சிரிப்பு. யாரோ வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்த்தார்கள். அவன் மனைவி திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இருங்க, எங்க வீட்டுக்காரரைக் கேக்கறேன், நேத்து ஏதோ பேட்ச் போட்டாரு" என்று கைபேசியை எடுத்தாள்.

அவன் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. அதற்குள் பணியாளர் பிரிவிலிருந்து இரண்டு பேர், உறைகளை அடுக்கிக்கொண்டு அவனைத் தாண்டி உள்ளே போனார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் அங்கேயேதான் நின்றிருந்தான். அவன் குழாயருகே நிற்பதையும், கையில் டம்ளர் இல்லாததையும் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டில், அவன் உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கோடைக்கு முன்னாடியிருந்து."

"அண்ணன் வந்தப்போ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"சரி. சொல்லக் கூடாது. சொல்லாம இருந்திருக்கலாமே! உங்க இஷ்டம்னு விட்டிருந்தா நானே ஒரு முடிவு எடுத்திருப்பேனே. போகாதேன்னு ஏங்க சொன்னீங்க?"

"தள்ளிக்கிட்டே போயிடலாம்னு நினைச்சேன். மூணு தடவை தள்ளினேன். உனக்காகத்தான்."

அவள் சிரித்தாள். வாழ்நாளில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவ கதையை எல்லாரும் சொல்வாங்க. புருஷனை நம்பி நடுத்தெருவுல நின்னவ கதையைச் சொல்ல ஒரு பழமொழியும் இல்ல பாருங்க" என்றாள். அதற்குமேல் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் அவளுக்குப் பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. பேருந்தில் போய் வந்தாள். கொண்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னதற்கு, "உங்களுக்கு எதிர்ப்பக்கம்" என்றாள்.

பேட்ச் ஏறிய புதிதில் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். பிறகு சிக்கல் மெல்லத் தலைகாட்டியது. மெஷினிலிருந்து புகை வருகிறது என்று பதறிக் கூப்பிட்டவரின் புகார், மூடி உடைந்தது என்ற புகாருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. ஒரே தெருப் பெயர் இரண்டு பேட்டைகளில் இருந்தால், மெக்கானிக் தவறான பேட்டைக்குப் போய்க் கதவைத் தட்டினான். ஒரு வீட்டில் சுவர் கருகும் அளவுக்குத் தீப்பிடித்த பிறகுதான் மேலிடம் விழித்துக்கொண்டது.

பஞ்சாங்கம் கண்ணாடிக்காரப் பெண்ணின் மேசைக்குப் போனான். "சரியாச் சோதிக்கலையாம்மா?" என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அழுதழுது கண் சிவந்திருந்தது. "உண்மையான புகாரை வச்சுச் சோதிக்க டைம் கேக்கலாம்னுதான் இருந்தேன் சார். நீங்க ஒவ்வொரு தடவையும் வட்டுல இடமில்ல, கணக்கு முடிக்கறாங்கன்னு சொன்னீங்க. அடுத்த வாரம் ஏறிடும், அடுத்த வாரம் ஏறிடும்னே நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சோதனை பத்தலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மூணு தடவையில எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருப்பேன். அதைப் பாக்கறதுதானே சார் உங்க வேலை?"

பொய்க் காரணம் தேடித் தேடி அலைந்தவன், காலடியில் கிடந்த மெய்க் காரணத்தைப் பார்க்கவில்லை. சோதனை போதாது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் தலைவராலும் மீற முடிந்திருக்காது. அலுவலக விதியே அப்படித்தான். இருபது வருடமாகத் தன் தொழில் தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தவனுக்கு அது செருப்படியாக இருந்தது.

பேட்சைத் திருப்பி எடுக்க அவன்தான் நாள் குறித்தான். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது, பழைய மென்பொருள் பழையபடியே நின்றது. ஆனால் போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. தலைவர் அவனை அழைத்தார்.

"கொஞ்ச பேரை ஒப்பந்தத்துல கூப்பிடறோம். பேட்சைச் சரிபண்ற வரைக்கும். உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். அவங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க."

அன்று அவள் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

"பேட்ச் சரியாகற வரைக்கும். நாள் இன்னும் குறிக்கலை."

"நான் வரலை."

"கால் இப்படி வீங்கியிருக்கே. இங்க உட்கார்ந்து பாக்கற வேலைதானே?"

"கிடங்குல கால்தான் வலிக்குது" என்றாள். "அங்க என்கிட்டப் பொய் சொல்றவங்க யாரும் என் சொந்தக்காரங்க இல்ல." வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பெரியக்காவும் இன்னும் நான்கு பேரும் வந்தார்கள். பாதி விளக்குகளை அணைத்த கூடத்தில், ஜன்னலோரமாகச் சேர்ந்து உட்கார்ந்து போன் எடுத்தார்கள். இந்தத் தடவை கண்ணாடிக்காரப் பெண் விடாப்பிடியாக நின்று சோதித்தாள். சோதித்து முடித்துக் கையெழுத்தும் போட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சாங்கம் புதிய நாளைக் குறித்தான். இம்முறையும் வெளியே சொல்லக் கூடாது என்றார்கள்.

குறித்த அன்றே அவன் முதல் மாடிக்கு இறங்கினான். பெரியக்காவைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அடுத்த மாசம் பாதிவரைக்கும்தான். இப்பவே வேற வேலை தேடிக்கச் சொல்லுங்க எல்லாரையும். நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம்" என்றான்.

பெரியக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்க தம்பி. ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சா போதும், பொழைச்சுக்குவோம். போன தடவையும் இப்படி..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது அவனுக்கு மனம் லேசாக இருந்தது. எத்தனையோ மாதமாக இல்லாத லேசு. கையெழுத்தை மீறினோம், வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது. சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டான்.

"இன்னிக்குப் பெரியக்காகிட்டத் தேதியைச் சொல்லிட்டேன். வேற வேலை தேடிக்கட்டும்னு. சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்லிட்டேன்."

பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதாவது இளகுமா என்று அவன் காத்திருந்தான்.

"அப்போ சொல்ல முடியும்" என்றாள்.

அவள் அவன் தட்டில் மிச்சச் சோற்றையும் போட்டு, பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிட்டு, காலையில் சீக்கிரம் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.